நாற்பத்தொன்று மக்னமும் ரஜனியின் பதிலும்

போன சனிக்கிழமை காலை. அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கிறது. போன் அடிக்கிறது.

"அக்கா... பொலிஸ் வந்தது. நான் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

அஜக்ஸில் இருந்து ரஜனி. மூச்சு வாங்குகிறது.

"எது இல்லை?"

"துவக்கு."

கரண்டியில் அள்ளிய மாவு அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த வீட்டில் துவக்கு இருக்கிறது, நிசமான துப்பாக்கி! பேஸ்மென்றில், இரும்பு அலுமாரிக்குள், பூட்டுப் போட்டு, சட்டப்படி இருக்கிறது. இதைவிடப் பெரிய பகிடி என்ன தெரியுமா? அது இருக்கிறது என்று ரஜனியின் கணவன் சிவநேசனே பொலிசுக்குச் சொல்லியிருக்கிறான். வந்தவர் அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார்.

பிறகு ஏன் இவள் இல்லை என்றாள்?

பொறுங்கள். முதலில் துவக்கை அறிமுகம் செய்துவிடுகிறேன்.

கனடாவுக்கு வந்த புதிதில், டோர்செட் பார்க் அப்பாட்மென்றில் சிவநேசனும் ரஜனியும் எங்களுக்கு அடுத்த கதவு. வீடு மலிவு என்று அஜக்ஸுக்குப் போனார்கள். சிவநேசனுக்கு ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் ஃபக்டரியில் வேலை. அங்கே கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஒருநாள் இவனைத் தன்னுடைய துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கூட்டிப் போயிருக்கிறார். சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று போனவன்தான். கிழவர் ரிட்டயர் ஆனபோது அவருடைய ரைபிள் இவன் வீட்டுக்கு வந்துவிட்டது.

அது லேசுப்பட்ட ரைபிள் இல்லை. அது தின்னும் தோட்டாவின் பெயர் நாற்பத்தொன்று மக்னம்.

துப்பாக்கிக்காரர்களின் எண்கணக்கே தனி. முன்னூற்று ஐம்பத்தேழு என்பார்கள், அது சின்னது. நாற்பத்து நாலு என்பார்கள், அது பெரியது. ஏன் என்று கேட்டால் சிவநேசன் விளக்கம் சொல்லுவான். முடிவதற்குள் ரீ ஆறிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதுதான் நாற்பத்தொன்று. செருப்புக் கடையில் எட்டாம் நம்பரும் பத்தாம் நம்பரும் மலைபோலக் கிடக்கும், உங்கள் காலோ ஒன்பது... அந்தக் கதைதான்.

கடைக்குப் போய் நாற்பத்தொன்று கேட்டால், கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பாராம். "ஒரு பெட்டி இருந்தது... போன வருசமோ என்னவோ" என்பாராம். அதனால் சிவநேசன் வெடித்த வெற்றுக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, பேஸ்மென்றில் உட்கார்ந்து துடைத்து, வெடிமருந்தடைத்து, சன்னம் பொருத்தித் திரும்பவும் தோட்டாவாக்குவான். அதற்கென்று மேசையில் பூட்டிய ஒரு சின்ன இயந்திரம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருப்பான்.

"உந்த நேரத்துக்கு இடியப்பம் பிழிஞ்சாலாவது வீட்டுக்குப் பிரயோசனம்" என்பாள் ரஜனி.

எனக்கோ ஒரு வியாதி உண்டு, உங்களுக்குத் தெரியும். ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. ஒருநாள் கேட்டேன். ஊரெல்லாம் கிடைக்கிறதை விட்டுவிட்டு ஏன் இந்தக் கிடைக்காததைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்?

அவன் முகம் மலர்ந்துவிட்டது. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் போல இருக்கிறது.

"அக்கா, உதை முதல்ல பொலிசுக்கெண்டுதான் செய்தவங்கள். பாரம், கையை உதைக்குது எண்டு பொலிஸ் வேண்டாமெண்டிட்டுது. பெரிய வேட்டைக்காரருக்கு இன்னும் பெரிசு வேணுமாம். ஒருதருக்கும் வேண்டாத பிள்ளை. ஆனா ஒருக்கா சுட்டுப் பாருங்கோ, தெரியும்... எவ்வளவு நேர் எண்டு!"

சுட்டுப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை. கேட்கும் ஆசை மட்டும் அடங்கவில்லை. துவக்குக்குப் பயந்து கடல் கடந்து ஓடி வந்த ஆள்தானே நீ? வந்த இடத்தில் காசு குடுத்து ஒன்றை வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறாயே... அது ஏன்?

 ஒரு கோதை எடுத்துத் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"ஊரில எங்களுக்கு எல்லாச் சத்தமும் தெரியுமெல்லோ அக்கா? கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவம், உது என்ன துவக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு தூரமெண்டு. இஞ்ச வந்தும் காது மறக்கேல்லை. கனடா டேக்கு வாணம் விட்டாலும் நான் குனிஞ்சிடுவன். அண்டைக்குக் கிளப்பில கிழவர் இந்த ரைபிளால சுட்டார். எனக்கு ஒண்டுமே ஞாபகம் வரேல்லை. கேள்விப்படாத சத்தம். முதல் தரமா ஒரு வெடி எனக்கு வெறும் வெடியாக் கேட்டுது."

அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. என் சரித்திரத்தில் இது அபூர்வம்.

சரி, பொலிசுக்கு வருவோம். நாற்பத்தொன்றுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அதே தோட்டாவை ரைபிளிலும் போடலாம், ரிவோல்வரிலும் போடலாம். தோட்டா ஒன்று, துவக்கு இரண்டு. இந்தச் சோடி சேர்வதுதான் சிவநேசனின் கனவு. ஒஷாவாவில் ஒரு பழைய கடையில் நாற்பத்தொன்று ரிவோல்வர் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஓடிப்போய் இவனுக்காக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறான். ஆனால் கைத்துப்பாக்கி என்றால் இந்த நாட்டில் சும்மா தூக்கிக்கொண்டு வர முடியாது. கிளப்பில் ஆளாக இருக்க வேண்டும். பூட்டி வைக்கிற இடத்தைப் பொலிஸ் வந்து பார்க்கும். வீட்டுக்காரியிடமும் ஒரு வார்த்தை கேட்கும்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நம்ம ரஜனி இல்லை என்று சொல்லிப்போட்டாள்.

தோசையை விட்டுவிட்டு 401 நெடுஞ்சாலையில் ஏறினேன். அஜக்ஸில் வீட்டு வாசலிலேயே நின்றாள்.

"இவர் குளிச்சுக்கொண்டு நிண்டவர். பெல் அடிச்சுது. திறந்தால் யூனிபோர்ம். 'கன்' எண்டது மட்டும்தான் காதில விழுந்தது. வாய் தன்ரபாட்டில சொல்லிப்போட்டுது."

"என்னெண்டு சொன்னனி?"

"நோ கன், நோ போய்ஸ், ஒன்லி மீ... எண்டன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. எனக்கும் பாதியில் நின்றுவிட்டது. ஊரில் கேற்றடியில் ஆமி வந்து நிற்கும்போது நாங்கள் எல்லோரும் சொல்லிப் பழகிய வசனம்தானே அது? வீட்டில் ஒன்றும் இல்லை, இயக்கப் பெடியள் இல்லை, நான் மட்டும்தான். நானும் சொல்லியிருக்கிறேன். இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேர் சொல்லியிருப்பீர்கள்!

 பொலிஸ்காரர் புருவத்தைத் தூக்கிவிட்டு, பின்னேரம் திரும்ப வருகிறேன் என்று போய்விட்டாராம். சிவநேசன் சோபாவில் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தான்.

"முடிஞ்சுது அக்கா. பொய் சொல்லுற வீடெண்டு நினைச்சிருப்பார். இனி ரிவோல்வரும் இல்லை, இருக்கிற ரைபிளையும் கொண்டு போவாங்கள்."

பின்னேரம் வந்தார். நல்ல உயரம், மெல்லிய குரல். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். அதிலேயே ரஜனிக்குப் பாதிப் பயம் போயிருக்க வேண்டும், போகவில்லை. நான் மொழிபெயர்ப்பாளர். எல்லோருமாகப் பேஸ்மென்றுக்கு இறங்கினோம். அலுமாரியைத் தட்டிப் பார்த்தார், பூட்டை இழுத்துப் பார்த்தார். திரும்பும்போது மேசையில் இருந்த தோட்டாப் பெட்டி கண்ணில் பட்டது.

"நாற்பத்தொன்றா?" என்றார். குரலே மாறிவிட்டது. இத்தனை வருட வேலையில் அதைக் கண்ணால் கண்டதில்லையாம்.

"உங்கட ஆக்களுக்கெண்டு செய்தது சேர். நீங்கள்தான் வேண்டாமெண்டனீங்கள்" என்று சிவநேசன் தன் ஃபக்டரி இங்கிலிசில் சொன்னான். அவ்வளவுதான். இரண்டு தலைகளும் பெட்டிக்கு மேல் குனிந்துவிட்டன. கேள்வி, பதில், திரும்பக் கேள்வி.

ரஜனி என் கையைப் பிடித்தாள். "என்னவாம் அக்கா? பிடிக்கப் போறாங்களோ?"

"இல்லையடி. தோட்டாவுக்குச் சாதகம் பாக்கினம்."

மேலே வந்து உட்கார்ந்தோம். ரீ வந்தது. பொலிஸ்காரர் ரஜனியைப் பார்த்து, காலையில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார்.

"அங்க அப்பிடித்தான் சொல்லுறது எண்டு சொல்லுங்கோ அக்கா."

சொன்னேன். கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த கேள்வி. இந்த வீட்டுக்குள் ஒரு ரிவோல்வர் வருவதில் உங்களுக்குச் சம்மதமா? பயப்படாமல் சொல்லுங்கள், உங்களுக்கு விருப்பமில்லை என்றால் நான் அனுமதிக்கச் சொல்லி எழுதமாட்டேன் என்றார்.

சிவநேசன் ரஜனியையே பார்த்துக்கொண்டிருந்தான். பரீட்சை மறுமொழிக்கு நிற்கிற பிள்ளையின் முகம். ஒரு சின்ன 'ஓம்' போதும். எனக்கும் அவள் ஓம் என்று சொல்லிவிட மாட்டாளா என்றுதான் இருந்தது.

ரஜனி ரீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நீட்டுக்கு ஓம். கட்டைக்கு வேண்டாம்."

"ரஜனி! ரெண்டுக்கும் ஒரே தோட்டாதானப்பா!"

"தோட்டா ஒண்டுதான். வாற விதம் வேறை."

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அவள் கையால் மறித்தாள்.

"நீட்டுத் துவக்கோட வாறவனைத் தூரத்திலயே தெரியும். நாய் குரைக்கும். பின் வேலியால ஓடலாம். எங்கட அண்ணாவிட்ட வந்தவன் வெறுங்கையோட வந்த மாதிரித்தான் வந்தவன். சைக்கிளை மதிலில சாத்திப்போட்டு, தங்கச்சி, குடிக்கத் தண்ணி தாறீங்களோ எண்டு கேட்டவன். நான்தான் கொண்டுவந்து குடுத்தன். முழுக்கக் குடிச்சான். செம்பைத் திருப்பித் தந்தான். அண்ணா நிற்கிறாரோ எண்டு கேட்டான். நான் ஓம் எண்டு சொல்லி அண்ணாவைக் கூப்பிட்டன். பிறகுதான் போட்டிருந்த சேட்டைத் தூக்கினவன். இடுப்பில கட்டைத் துவக்கு."

 என்ன சொன்னார் என்று பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு செம்புத் தண்ணீருக்கு இங்கிலிசு தேடித் திண்டாடினேன். எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார்.

பிறகு சிவநேசன்தான் வாயைத் திறந்தான். தனக்கு ரிவோல்வர் வேண்டாம், விண்ணப்பத்தை எடுத்துவிடுங்கள் என்றான். பொலிஸ்காரர் சரி என்றார். ரைபிள் இருக்கலாம், பூட்டு நல்ல பூட்டு என்றார். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே ரஜனிக்கு நன்றி சொன்னார். எதற்கு நன்றி என்று அவளுக்கு விளங்கவில்லை.

என்னைக் காரடிவரை கொண்டுவந்து விட்டான் சிவநேசன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், சாத்தவில்லை.

"அண்ணா செத்தது தெரியும் அக்கா. தண்ணி குடுத்தது தெரியாது."

நாற்பத்தொன்று எங்கே பிறந்தது, யார் வேண்டாம் என்றார்கள், எந்தக் கடையில் எப்போது கடைசிப் பெட்டி இருந்தது என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறவன். பாவம். கலியாணம் கட்டிய நாளில் இருந்து பக்கத்திலேயே இருந்த கதை இது. சொல்லியிருந்தால் இவன் ஒஷாவாக் கடைப்பக்கமே போயிருக்கமாட்டான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அந்த ரிவோல்வர் இன்னும் அந்தக் கடையில்தான் கிடக்கிறதாம். நாற்பத்தொன்றைத் தேடி வர வேறு யார் இருக்கிறார்கள்?

திங்கட்கிழமை திரும்பவும் போன். ரஜனி. குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்.

"அக்கா, பொலிசுக்கு உள்ளதைச் சொல்லிப்போட்டன். இனி என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடக்காது ரஜனி."

"ஒண்டுமே?"

"ஒண்டுமே."

போனை வைக்க முதல் அதையே இன்னொரு தரம் கேட்டாள். ஒன்றும் நடக்காத நாட்டில் இருக்கிறோம் என்று நம்புவதற்கும் பழக்கம் வேண்டும் போல!