சனிக்கிழமைக் கறை

என் தங்கை கிருபாபாய் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். நான்கு வயதில் பிடித்த மூச்சிளைப்பை ஜெயித்தாள். அது போகவில்லை, ஆனால் பத்து வருடத்தில் ஒருநாள்கூட அவளைப் பாதி வழியில் திருப்பி அனுப்பவில்லை. ஏர்பேடு பக்கம் பதினோரு கிராமங்களுக்குக் கால்நடையாகப் போய்க் காசநோய் மாத்திரை கொடுக்கும் வேலையை ஜெயித்தாள். எங்கள் சபைக் கமிட்டியின் சிபாரிசுக் கடிதத்தை ஜெயித்தாள். இந்த மூன்றில் கடிதம்தான் கஷ்டமானது.

சாக்பீஸ் தூளில் மூச்சு முட்டி, அவளுக்குப் பள்ளிக்கூடம் இரண்டு மாதத்தோடு நின்றுவிட்டது. யார் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் கட்டைவிரலை நீட்டுவாள். திருப்பதியில் நாகபூஷணம் என்பவர் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

1974 ஜனவரியில் மிஷன் மருந்தகத்தில் ஆள் கேட்டார்கள். மாத்திரையை நிறம் பார்த்துக் கொடுத்தால் போதும், படிப்பு வேண்டாம். ஆனால் நன்றாக நடக்கிறவளாக இருக்க வேண்டும், சபையின் கடிதமும் வேண்டும். இவளுக்கு இளைப்பு என்பது சபையில் யாருக்கும் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

அந்த மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் போனாள். நாகபூஷணம் வீட்டில் சனிக்கிழமை ஒருபொழுது. காலையில் அடுப்பு எரியாது, அதனால் இவளுக்கு வேலை இல்லை. பத்து மணிக்குத் திரும்பி வருவாள். எங்கே போனாய் என்றால், "சும்மா நடந்துட்டு வந்தேங்க்கா" என்பாள்.

துணி துவைப்பது நான். பிப்ரவரி இரண்டாம் தேதி அவள் புடவையில் மஞ்சளும் குங்குமமும் ஒட்டியிருந்தன. ஒன்பதாம் தேதியும் இருந்தன. பதினாறாம் தேதி அவள் வலதுகை ஆள்காட்டி விரல் நுனி சிவந்திருந்தது. அன்று மாலை அவளுடைய பைபிளைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில், அம்மா மையால் எழுதிவைத்த பெயருக்கு மேலேயே ஒரு சிவப்பு விரல் தடம்.

பக்கத்து வீட்டு சுந்தரம்மா முழங்கால் வலிக்காகப் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துத் திருப்பதி மலையேறுகிறவள். ஜெபத்தில் தீராத இளைப்புக்கு இவளும் வேண்டுதல் வைத்துவிட்டாளோ? சபைக்குத் தெரிந்தால் கடிதம் கிடைக்காது.

இருபத்து மூன்றாம் தேதி அவளுக்குத் தெரியாமல் பின்னால் போனேன். சந்தேகப்பட்டது போலவே, மலைப்படிகள் தொடங்கும் அலிபிரிக்குத்தான் போனாள். முக்காட்டை இழுத்துக்கொண்டு பத்துப் படி பின்னாலேயே ஏறினேன். அவள் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் கட்டியிருந்தாள். நாற்பது படி ஏறியதும், மூச்சு வாங்குவதற்கு முன்பே, ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். மஞ்சள் பூசிய படியில்தான். புடவைக் கறை எனக்கு விளங்கியது. ஆனால் உட்கார்ந்தபடியே குனிந்து, படியோரம் உதிர்ந்து கிடந்த குங்குமத்தில் விரலால் ஏதோ செய்தாள். முதுகு மறைத்தது. எழுந்து இன்னும் நாற்பது படி ஏறினாள். மறுபடியும் உட்கார்ந்து அதையே செய்தாள். நான் ஒன்றும் கேட்காமல் இறங்கி வந்துவிட்டேன். கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம்.

யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மார்ச் மூன்று, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி எங்களைக் கூப்பிட்டது. செயலாளர் தேவானந்தம் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா கிருபா, லெந்து நோன்பு நாள்ல அலிபிரிக்குப் போய்க்கினு இருக்கியாமே. இன்னா வேண்டுதல்?"

"வேண்டுதல் ஒண்ணும் இல்லீங்க ஐயா."

"அப்போ மலையில யாரு, சொந்தக்காரங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். காரணத்தைச் சொன்னால் இளைப்பு வெளியே வரும். சொல்லாவிட்டால் வேண்டுதல் உறுதியாகும். எப்படியும் கடிதம் இல்லை. நான் எழுந்தேன்.

"ஐயா, படிக்கு மஞ்சள் வைக்கிறவ குனிஞ்சி வைப்பா. கறை முன்னாலதான் படும். இவ புடவையில எல்லா வாரமும் பின்னாலதான். உக்காந்த எடத்துல. நான்தான் தொவைக்கிறேன்."

கமிட்டியில் இருந்த ஜீவரத்தினம் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தேவானந்தம் ஐயா தரையைப் பார்த்தார்.

"ஆம்பளைங்க இருக்கிற எடத்துல இன்னா பேச்சும்மா இது. சரி, எதுக்கு உக்காருறா?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் யோசிக்கவில்லை. விரல் சிவந்திருந்ததையும் நான் வாய் திறந்து சொல்லவில்லை.

"எனக்கு இளைப்பு இருக்குது ஐயா," என்றாள் கிருபாபாய். "வர்றதுக்கு முன்னாலயே உக்காந்துக்குவேன். ஆஸ்பத்திரியில சொன்னாங்க, கொஞ்சம் கொஞ்சமா ஏறிப் பழகுன்னு. ஊருக்குள்ள தூசி. அங்க மர நிழலு."

"இளைப்புக்காரி பதினோரு கிராமம் நடப்பியா?"

"சந்திரகிரி வரைக்கும் நடந்து காட்டுறேன்."

"வழியில பஸ் ஏறிட்டா?"

"சைக்கிள்ல கூடவே வாங்க, பாத்துக்கினு."

மார்ச் ஒன்பது, சனிக்கிழமை. கிளம்புவதற்கு அரைமணி முன்பு மாத்திரை போட்டுக்கொண்டாள். துணியை நனைத்துக் கட்டிக்கொண்டாள். தேவானந்தம் ஐயா சைக்கிளில் பக்கத்திலேயே வந்தார். அவ்வளவு மெதுவாக மிதித்துப் பழக்கமில்லாமல் வண்டி அங்கும் இங்கும் ஆடியது. நான் பின்னால் நடந்தேன்.

முதல் கிலோமீட்டர் கல்லில் உட்கார்ந்தாள்.

"இளைக்குதா?" என்றார் உடனே.

"இல்லீங்க. இளைச்சப்புறம் உக்காந்தா லேட்டு."

உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விட்டாள். விட்டுக்கொண்டே குனிந்து ரோட்டோரப் புழுதியில் விரலை வைத்தாள். அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து குனிந்தார். நானும் ஓடிப் போய்ப் பார்த்தேன்.

புழுதியில் கோணல்மாணலாக ஐந்து எழுத்துகள். கிருபாபாய்.

"யாரு கத்துக் குடுத்தது?" என்றார்.

"யாரும் இல்லீங்க. பைபிள்ல அம்மா எழுதி வச்சிருக்காங்க, விரல் வச்சிப் பாத்துக்குவேன். எவ்ளோ நேரம் உக்காரணும்னு எனக்குத் தெரியாது. கடியாரமும் இல்ல. ஒரு எழுத்துக்கு நாலு மூச்சு. பேர் முடிஞ்சா எழுந்துக்குவேன்."

சந்திரகிரி வரைக்கும் இருந்த பன்னிரண்டு கல்லிலும் எழுதினாள். லாரி தூசி கிளப்பினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அது அடங்கிய பிறகுதான் அடுத்த அடி வைத்தாள். சந்திரகிரியில் சோடா கேட்டது தேவானந்தம் ஐயாதான். குடித்துவிட்டு, "எளுத்து கோணலு. நடை நேரா இருக்குது," என்றார். மறுநாளே கடிதம் எழுதிக் கொடுத்தார்.

நான் கறையை எண்ணினேன், தேதியை எண்ணினேன். அவள் மூச்சை எண்ணியது எனக்குத் தெரியவில்லை.

வேலையில் சேர்ந்த அன்று மருந்தகத்தில் பதிவேட்டோடு, கைநாட்டு வைக்க மைப்பெட்டியையும் அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் மைப்பெட்டியை ஒதுக்கிவிட்டுப் பேனா கேட்டாள். பெயரை எழுதி முடிக்க இருபது மூச்சு ஆனது. நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். 1974 ஏப்ரல் 22, திங்கட்கிழமை.