மாப்பிள்ளைக்குக் கொடுத்த வைஃபை

தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பால்காரருக்கும் மாப்பிள்ளை, எதிர்வீட்டு வாண்டுகளுக்கும் மாப்பிள்ளை. மனைவி ஒரே பெண் என்பதால் கல்யாணமானதும் மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டார். மாடி அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் போட்டுக் கொடுப்பது தொழில். ஆறு வருடமாகிவிட்டது. ஹால் சோபாவில் சாய்ந்து உட்கார இன்னும் பழகவில்லை.

மாமனார் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கப் பிடிக்காமல், மனையை நான் அளக்கிறேன், நீங்கள் வரையுங்கள் என்று அவரே முன்வந்தபோது மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் இந்த வீட்டில் தானும் ஒரு ஆளாகப்போகிறோம் என்று நினைத்தார். முதல் மனையை அளந்தாயிற்று. அளவுகளும் போட்டோக்களும் ஹாலில் மாமனாரின் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. மதியம் மனைக்காரர் பிளானைப் பார்க்க வருகிறார். அதெல்லாம் மாடி ஏறி வரவேண்டும், அவ்வளவுதான்.

ஏறினால்தானே!

பென்டிரைவில் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் போன வருடம் மாப்பிள்ளையின் பென்டிரைவோடு ஒரு வைரஸ் வந்து சேர்ந்ததிலிருந்து, மாமனார் அதைச் செருகும் இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறார். அடுத்தவர் மனை விவரத்தை மெயிலில் அனுப்பவும் மாட்டேன், வீட்டு நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குத்தானே படித்திருக்கிறீர்கள் என்றுவிட்டார்.

காலையிலிருந்து மாப்பிள்ளை மாடிக்கும் ஹாலுக்கும் நடையாய் நடந்தார். ஃபோல்டரை ஷேர் செய்தார். அனுமதி கொடுத்தார். ஃபயர்வாலை அணைத்தார். இரண்டு கம்ப்யூட்டரையும் ஆஃப் செய்து ஆன் செய்தார். கீழே இருப்பது மேலே தெரியவே இல்லை. இன்டர்நெட் மட்டும் இரண்டிலும் ஜோராக ஓடியது. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் ஏறியது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மாமனார் தலை நிமிராமல், என் கம்ப்யூட்டரில் ஒரு குறையும் கிடையாது, உங்களுடையதைப் பாருங்கள் என்றார். கீபோர்டை ஓங்கி ஒரு குத்து விடலாம் போலிருந்தது. சத்தம் கீழே கேட்குமே என்று மெதுவாகக் குத்தினார்.

மனைவி டீயோடு வந்து எட்டிப் பார்த்தாள். திரையின் மூலையில் இருந்த வைஃபை பெயரைப் பார்த்துவிட்டுத் தன் போனைப் பார்த்தாள்.

"நீங்க ஏன் இதுல இருக்கீங்க? இது கெஸ்ட் வைஃபை."

"மாமா குடுத்ததுதானே."

"வீட்டுக்கு வந்து போறவங்களுக்குன்னு அப்பா தனியா வச்சிருக்கறது இது. நெட் மட்டும்தான் வரும். வீட்டு கம்ப்யூட்டர் எதுவும் கண்ணுல படாது. டிவி ரிப்பேர் பண்ண வந்தவருக்குக்கூட இதைத்தான் குடுத்தாரு."

மாப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தது. கல்யாணம் பேச முதன்முறை வந்த அன்று மாமனாரே சொல்லிய பாஸ்வேர்ட். அதையேதான் பிறகு கம்ப்யூட்டரிலும் போட்டிருந்தார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவரை ஆறு வருடம் விருந்தாளியாகவே வைத்திருக்கிறார்கள், அதுவும் அவருக்கே தெரியாமல்.

மகள் போய்ச் சொன்னதும் மாமனார் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். மாற்றிக் கொடுக்க மறந்தே போய்விட்டது என்றாரே தவிர, மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. கீபோர்டுப் பக்கம் கையை நீட்டினார்.

"கொஞ்சம் எந்திரிங்க மாப்பிள்ளை. வீட்டு பாஸ்வேர்டை நானே போட்டு விட்டுடறேன்."

எழுந்துகொள்வது மாப்பிள்ளைக்குப் பழகிப்போன ஒன்று. இந்த வீட்டில் மாமனார் வந்து நின்றால் நாற்காலியை விட்டு எழாமல் இருந்ததில்லை. பாதி எழுந்தும்விட்டார். பிறகு அப்படியே உட்கார்ந்து, நன்றாகச் சாய்ந்துகொண்டு, விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்தார்.

"நீங்க சொல்லுங்க மாமா. நான் அடிக்கிறேன்."

மாமனார் மகளைப் பார்த்தார். அவள் இடத்தை விட்டு நகரவில்லை. கீழே வாசலில் மனைக்காரர் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் எழுத்தைச் சொன்னார்.