நிலக்சியின் வழக்குரை

நிலக்சிக்கு லத்தீன் பிடித்துப்போனதற்குக் காரணம் வேற்றுமை உருபுகள்தான். பெயர்ச்சொல்லின் வால் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்று வகுப்பில் மற்றப் பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். வீட்டில் மரத்தை, மரத்துக்கு, மரத்தால் என்று பேசி வளர்ந்தவளுக்கு அது ஒரு புதினமாகவே படவில்லை.

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், சீசாப் பக்கம் அவர்கள் குடியிருந்தார்கள். தாய் குகனேஸ்வரி, நிலக்சி கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்தே பணக்காரர் குடியிருக்கும் லிபெர்த்தாப் பக்கம் ஒரே வீட்டில் வீட்டுவேலை. அந்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் மகள் றொசாலியாவும் நிலக்சியும் ஒத்த வயது. சிறுவயதில் ஒன்றாக விளையாடியவர்கள், உயர்பள்ளியிலும் ஒரே மேசையில் இருந்தார்கள். றொசாலியாவுக்கு லத்தீன் ஏறாது. பரீட்சைக்கு முன் நிலக்சிதான் போனில் சொல்லிக்கொடுப்பாள்.

மூன்றாம் வருடம் பள்ளியில் ஒரு நாடகம் போட்டார்கள். சிசிலியைச் சூறையாடிய உரோம ஆளுநன் ஒருவன்மேல் வழக்கு. குற்றஞ்சாட்டும் வழக்கறிஞராக ஆசிரியை நிலக்சியைத் தெரிந்தெடுத்தார். வழக்குரையில் பாதியை லத்தீனில் அவளே எழுதினாள். குசினியில் நின்று பேசிப் பழகினாள்.

"ஆரோடையடி சண்டை பிடிக்கிறாய்?" என்றாள் குகனேஸ்வரி, லீக்ஸ் வெட்டியபடி.

"ஒரு கள்ளனோடை அம்மா. எங்கடை ஊர்ச் சாமானெல்லாம் அள்ளிக்கொண்டு போட்டான்."

"எங்கடை ஊரோ?"

"சிசிலி அம்மா!"

இருவரும் சிரித்தார்கள்.

றொசாலியாவுக்குக் கூட்டத்தில் நிற்கும் வேடம். ஆனாலும், "உன் பேச்சைப் பதிவு செய்து அனுப்பு, கேட்க ஆசையாக இருக்கிறது" என்றாள். நிலக்சி உடனே அனுப்பினாள்.

நாடகம் நெருங்கியபோது ஆசிரியை அவளைத் தனியே அழைத்தார்.

"உன் அம்மா வந்து பேசினார். நாடகத்தன்று உங்கள் வீட்டில் ஏதோ சடங்காமே. முன்பே சொல்லியிருக்கலாம். பரவாயில்லை, உன் வேடத்தை றொசாலியா ஏற்பாள்; அவளுக்கு வரிகள் எல்லாம் பாடம்."

நிலக்சி திரும்பிப் பார்த்தாள். றொசாலியா பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். முகத்தை நிமிர்த்தவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தாயிடம் கேட்டாள். "ஆற்றை சடங்கு அம்மா?"

குகனேஸ்வரி சட்டி கழுவுவதை நிறுத்தவில்லை. "சிஞ்ஞோரா கேட்டவ. அவையின்ரை ஆக்கள் எல்லாம் பாக்க வருகினமாம். மகள் சும்மா நிண்டால் வெக்கமாம்."

"நீங்கள் ஓம் எண்டு சொன்னியளோ?"

"இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெசோ புதுப்பிக்க, எனக்கு வேலை இருக்கெண்டு அவதான் கையெழுத்து வைக்க வேணும். நான் என்னத்தைச் சொல்ல?"

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே?"

"கேட்டால் நீ மாட்டன் எண்டிருப்பாய்."

அது உண்மைதான். அதனால்தான் அவளுக்கு அது இன்னும் வலித்தது.

மறுநாள் ஆசிரியையிடம் போய், சடங்கு ஒன்றும் இல்லை என்று சொன்னாள்.  அவர், நாடக உடைகளை எல்லாம் றொசாலியாவின் தாய்தான் தைப்பித்துத் தருகிறார் என்றார்.

"விருந்துக் காட்சியில் கூஜா ஏந்தும் அடிமைப் பெண் வேடம் ஒன்று இருக்கிறது. உனக்குப் பொருந்தும்."

"வேண்டாம்," என்றாள் நிலக்சி.

நாடகத்தன்று அவள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. தன் சொற்களுக்கு மண்டபம் கைதட்டியதை வகுப்புத் தோழி கேசிகா சொல்லித்தான் அறிந்தாள். அடுத்த நாள் கேசிகாவின் பக்கத்தில் போய் இருந்தாள். றொசாலியா இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பதில் போகவில்லை.

லத்தீனை மட்டும் அவள் விடவில்லை. பள்ளி முடித்து, பல்கலைக்கழகத்திலும் அதையே எடுத்தாள். பட்டம் பெற்ற அன்று, அங்கே பட்டதாரிகள் சூடும் இலைமுடியோடு நின்ற மகளைக் கட்டிப்பிடித்துக் குகனேஸ்வரி அழுதாள். நிலக்சியும் தாயை அணைத்துக்கொண்டாள்.

ஆனால் மேற்படிப்புக்கு வட இத்தாலியின் பொலோஞ்ஞாவுக்குப் போகப்போவதை, ரயில் டிக்கெட் கைக்கு வந்த பிறகே தாயிடம் சொன்னாள்.

"முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை," என்றாள் குகனேஸ்வரி.

"சொன்னால் நீங்கள் போக வேண்டாம் எண்டிருப்பியள்," என்றாள் நிலக்சி, உடுப்புகளை மடித்து வைத்தபடி.