குதிகால் தரையில் பட

எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். காஞ்சிபுரத்துத் தறிக்காரன் என்றால் நிதானம் கூடப் பிறந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். என் தறிப்பக்கம் வந்து பார்த்தால் தெரியும். இழை அறுந்தால் இழையைத்தான் திட்டுவேன்.

இப்படிப்பட்டவனுக்கு மூளை முடக்குவாதம் உள்ள மகள். பிறந்ததும் அவள் அழவில்லை. மூச்சு வரத் தாமதமானதில் மூளையில் பாதிப்பு என்றார்கள். ஆறு வயதாகியும் நிற்க வைத்தால் குதிகால் தரையில் படாது; முன்பாதம் மட்டும்தான் ஊன்றும். தசை இப்படியே இறுகிப்போனால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாலாற்று மணலில் இடுப்பளவு புதைத்து வைத்தால் கால் நிற்கும் என்றாள் என் அத்தை. ஆற்றங்கரையில் இருக்கும் ஓரிக்கைக்கு வண்டியைக் கிளப்பியே விட்டேன். மனைவிதான் சாவியைப் பிடுங்கினாள்.

பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் என்னை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுவார்.

“கோளாறு கால்ல இல்லப்பா. மூளை அனுப்புற உத்தரவு சரியா வரல. வெடுக்குன்னு இழுத்தீங்கன்னா தசை எதிர்த்துக்கினு இன்னும் இறுகும். மெதுவா மடக்கி, அப்படியே புடிச்சிக்கினு இருங்க.”

சும்மா பிடித்துக்கொண்டு இருப்பதா! இன்னொரு சேலை நெய்யச் சொல்லியிருந்தால் நெய்திருப்பேன்.

தினமும் காலையில் அவள் காலை என் மடியில் போட்டுக்கொண்டு பாதத்தை மேல்நோக்கி மடக்குவேன். இளகுவதுபோல் இருக்கும். உடனே பாதம் வெடவெடவென்று உதறும், தசை கல்லாகிவிடும். மனைவி செய்தால் உதறாது. அது எனக்கு இன்னும் எரிச்சல். எல்லாம் வீண் வேலை என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

மகளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும்.

“அப்பா... உன் கால்தான்... ஆடிக்கினே இருக்குது. நிறுத்துபா.”

குனிந்து பார்த்தேன். தறிக்குழியில் மிதித்து மிதித்துப் பழகிய கால், தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம்தான் என் மடி வழியாக அவள் பாதத்துக்குப் போயிருக்கிறது.

“கல்யாணம் ஆனதுலேருந்து நானும் சொல்லிக்கினுதான் இருக்கேன்” என்று மனைவி சிரித்தாள்.

நிறுத்தினேன். அது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? தொடை நமநமவென்றது. வாசலில் எவனோ பைக்கை முறுக்கிக்கொண்டிருந்தான். எழுந்துபோய்ச் சண்டை போட வேண்டும்போல் இருந்தது. போகவில்லை. பாதம் ஒருதரம் உதறியது, பிறகு அடங்கியது. என் கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கி வந்தது.

“நிக்கணும்” என்றாள். அக்குளில் கைகொடுத்து நிறுத்தினேன். வலது குதிகால் தயங்கித் தயங்கி இறங்கி, சிமென்ட் தரையில் பட்டது. அவள் நெற்றி சுருங்கியது. வலிக்கிறதோ என்று பதறித் தூக்கப் போனேன்.

“பின்னாடியும்... ஜில்லுனு இருக்குதுபா” என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய்த் தெருவுக்கே சொல்ல வேண்டும் என்று உடம்பு துடித்தது. ஆனால் அவள் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அசையவில்லை.