பாதியில் அறுக்காத லைன்

உள்ளறையில், கம்ப்யூட்டரைத் தொலைபேசி லைனோடு இணைக்கும் மோடம் கீச்சிட்டது, கரகரத்தது, அடங்கியது.

“லைன் கெடச்சிருச்சு அக்கா!” பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் உள்ளிருந்து கத்தினாள். அவள் மகள் லண்டனில் ஆஸ்பத்திரித் தாதிப் படிப்பு படிக்கிறாள். பரீட்சை முடிந்து பத்து நாளாக ஒரு வரி இல்லை.

முன்கூடத்தில் குணேஸ்வரி எழுந்திருக்கவில்லை. எதிரே தம்பி சிவகுருநாதன் உட்கார்ந்திருந்தான்.

தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் இணைப்பு கொடுத்த கை அவளுடையது. கல்யாணம் அவளைத் தேடி வரவில்லை, அழைப்புகள்தான் வந்தன. ஓய்வு பெற்றபின், பிரிக்பீல்ட்ஸ் வீட்டில், தம்பி கொடுத்த கம்ப்யூட்டரில் அக்கம்பக்கத்துத் தாய்மாருக்குப் பிள்ளைகளின் மின்னஞ்சல் கடிதங்களை எடுத்துக் கொடுத்தாள்.

அந்தத் தம்பிதான் இப்போது கிள்ளானில் இண்டர்நெட் கம்பெனி தொடங்கப் போகிறான். அவன் கம்பெனி காட்டும் பக்கங்களுக்கு ஒரு விலை, மற்றப் பக்கங்களுக்கும் கடிதங்களுக்கும் இரட்டிப்பு. அதைத் தடுக்க விதி வேண்டுமென்று அரசாங்கத்துக்கு மனு எழுதி, ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கக் கையெழுத்து வாங்கிவிட்டாள் அக்கா.

“மனுவைக் கிழிச்சுப் போடுங்கோ அக்கா. இல்லாட்டி கம்ப்யூட்டரை இண்டைக்கே கொண்டு போயிடுவன்.”

“எக்ஸ்சேஞ்சில மந்திரியின்ர டெலிபோன் கோலும் வந்தது, தோட்டத்துக் கூலியின்ர கோலும் வந்தது. ரெண்டையும் ஒரே மாதிரித்தான் இணைச்சு விட்டன். என்ன கதைக்கப் போறியள் எண்டு ஒருத்தரையும் கேட்டதில்லை. அது விதி, தம்பி.”

“அது பழைய காலம். இது பிஸ்னஸ்!”

“பிஸ்னஸ் செய். ஏழையள் போற வழியை மறிச்சுச் செய்யாதை.”

அவன் விருட்டென்று உள்ளே போய் மின்வயரைப் பிடித்தான். திரையில் கடிதம் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது.

“வேணாம்லா சார்! எம்புள்ள லெட்டரு!” பவுனம்மாள் அலறினாள்.

“கையை எடு!” பின்னாலேயே வந்த குணேஸ்வரியின் குரல் இடித்தது. “பேசுற ஆக்களின்ர லைனைப் பாதியில அறுக்கிற பழக்கம் எனக்கில்லை. முடியும் வரைக்கும் நில்.”

நின்றான். மகள் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்த தமிழை அக்கா நிதானமாக, இரண்டு தடவை வாசித்தாள். பாஸாகிவிட்டாள் பெண்! பவுனம்மாள் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

பிறகு குணேஸ்வரி தன் கையாலேயே வயர்களைக் கழற்றிச் சுருட்டிக் கம்ப்யூட்டர்ப் பெட்டியின் மேல் வைத்தாள்.

“பெட்டி உன்ர. தூக்கு. லைன் என்ர பேரில இருக்கு.” கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி மேசையில் வைத்தாள். “இதை வித்து நாளைக்கு வேற பெட்டி வாங்குவன். மனு இண்டைக்கே தபாலில போகுது.”

“அதுல மொதக் கையெழுத்து என்னோடதுதான் சார்,” என்றாள் பவுனம்மாள், மூக்கை உறிஞ்சியபடி. “கம்பெனில சொல்லிருங்க!”

சிவகுருநாதன் பெட்டியைச் சுமந்து படியிறங்கினான். திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

குணேஸ்வரி கதவைச் சாத்தினாள்.