தானாக நின்ற வண்டியும் ரோஹிணி மேடமும்

1. டெலிவரி எடுத்த நாள்

பெங்களூர் காக்ஸ் டவுனில் ரோஹிணி மேடம் வீட்டு வாசலில் புது வண்டி வந்து நின்ற அன்று, ஷோரூமிலிருந்து வந்த பெண் என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள். பொறுமையான பெண். ஸ்கிரீனில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

“மழை பெஞ்சா வைப்பர் தானே ஓடும் அங்கிள். இருட்டினா லைட் தானே எரியும். சிக்னல்ல நின்னா இன்ஜின் தானே ஆஃப் ஆகும், பிரேக்லேருந்து கால் எடுத்தா தானே ஸ்டார்ட் ஆகும். ரோட்டுல போட்ட கோட்டைத் தாண்டினா ஸ்டீயரிங் தானே திருப்பிவிடும். முன்னாடி யாராச்சும் வந்தா தானே பிரேக் போடும்.”

“சாவி எங்கம்மா போடணும்?”

“சாவி போடவே வேணாம் அங்கிள். வண்டிக்குள்ள எங்கயாச்சும் இருந்தா போதும்.”

அதற்கு முன் அந்த வீட்டில் பல வருஷம் ஒரு பழைய கியர் வண்டிதான் இருந்தது. மேடத்தின் கணவர் முரளி சார் பார்த்துப் பார்த்து வாங்கியது. அதன் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்று என் இடது காலுக்குத் தெரியும். நான் கே.ஜி.எஃப். ஆள். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். சுரங்கம் மூடியதும் நான் பெங்களூர் வந்து ஆடுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். ரிப்பேர் முடிந்த வண்டிகளை டெஸ்ட் ஓட்டம் ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லப் பழகியது அங்கேதான். முரளி சார் தன் வண்டியை அங்கே கொண்டுவருவார். அப்படிப் பழக்கமாகி அவர் வீட்டு டிரைவர் ஆனேன்.

சார் பி.டபிள்யூ.டி.யில் இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவர். பின் சீட்டில் உட்கார மாட்டார். முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து, போகிற ரோட்டையெல்லாம் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். இந்த மேட்டைக் குறைக்கச் சொன்னேன், கேட்கவில்லை என்பார். இந்த வளைவில் தண்ணீர் நிற்கும் பாருங்கள் என்பார், நிற்கும். அல்சூர் ஏரிக்கரையில் காலை வேளையில் கண்ணாடியை இறக்கிவிட்டு, மூன்றாம் கியரில் மெதுவாகப் போகச் சொல்வார். அந்த இன்ஜின் சத்தமும் அவர் பேச்சும் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் மகன்தான் புது வண்டியை அங்கிருந்தே புக் பண்ணினார். அப்பாவுக்கு மூச்சிரைப்பு, அம்மாவுக்கு முழங்கால் வலி, சேஃபான வண்டி வேண்டும் என்றார். அதில் தப்பில்லை.

2. ஓசூர் ரோட்டில்

முதல் மாதம் நான் பட்ட பாட்டை என் வயது டிரைவர்கள் யாரிடம் சொன்னாலும் அவர்களிடமும் அதே மாதிரி ஒரு கதை இருந்தது.

ஓசூர் ரோட்டில் ஒரே இடத்தில் மூன்று தடவை கோடு போட்டிருப்பார்கள். பழைய கோடு அழியாது, புதுக் கோடு தெரியாது. நான் பள்ளத்தைத் தவிர்க்க வண்டியை ஒடித்தால், வண்டி பழைய கோட்டைப் பார்த்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பள்ளத்துப் பக்கமே இழுக்கும். நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். வீட்டுக்கு வரும்போது தோள்பட்டை வலிக்கும்.

ஜீவனஹள்ளி கடைத்தெருவில் நுழைந்தால் நாலாபுறமும் சென்சார் கத்தும். தள்ளுவண்டிக்கு ஒரு சத்தம், ஸ்கூட்டருக்கு ஒரு சத்தம். ஒருநாள் கத்திரிக்காய்க் கூடை ஒன்றுக்காக வண்டி தானே பிரேக் அடித்தது. சார் மடியில் வைத்திருந்த பழப்பை முன்னால் பறந்தது.

“என்ன டேனியல், பக்கத்துல யாரோ ஐ.சி.யூ.ல இருக்கற மாதிரி சத்தமா இருக்கு” என்றார் சார், ஆரஞ்சைப் பொறுக்கிக்கொண்டே.

அன்று சாயங்காலம் மகனிடமிருந்து போன் வந்தது. வண்டி செய்வதெல்லாம் அவர் போனுக்கும் போகும் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

“டேனியல் அண்ணா, இன்னைக்கு ஹார்ஷ் பிரேக்கிங்னு நிறைய அலர்ட் வந்துச்சு. அப்பா வண்டில இருக்காரு, கொஞ்சம் பாத்து ஓட்டுங்க.”

“நான் போடலீங்க தம்பி. வண்டி போட்டுச்சு.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் ஓட்டியவனைப் பற்றி வண்டி மேலிடத்துக்குப் புகார் அனுப்புகிறது என்றால் யாருக்குத்தான் உறைக்காது? வேலையை விட்டுவிடலாம் என்று வீட்டில் சொன்னேன். சாரை விட்டுப் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

3. ஆஸ்பத்திரி வாசல்

மழைக்காலத்தில் ஒரு காலை சாருக்கு மூச்சு முட்டியது. உதடு நீலமாகிவிட்டது. நான் வந்து சேரும்போது மேடமே சாரைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றியிருந்தார். பட்டனை அழுத்தி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ஏ.சி.யும் போட்டுவிட்டு, பின் சீட்டில் சாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடிக்கொண்டிருந்த வண்டியில் நான் ஏறி உட்கார்ந்தேன், ஓட்டினேன். சாவி மேடத்தின் ஹேண்ட்பேகில் இருந்தது. அதைப் பற்றி அவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. பழைய வண்டி என்றால் துவாரத்தில் சாவி இல்லாமல் நகரவே நகராது. சாவி கைமாறித்தான் ஆக வேண்டும்.

எமர்ஜென்சி வாசலில் குறுகலான ஒரு சரிவுப் பாதை. மேலே கூரை. ஒரு வண்டி மட்டும் நிற்க முடியும். நான் பிரேக் பிடித்து நிறுத்தியதும் இன்ஜின் தானே ஆஃப் ஆனது, சிக்னலில் ஆவது போல. பெல்ட்டைக் கழற்றி இறங்கி, சாரைத் தூக்கி வீல்சேரில் உட்கார வைத்தேன். மேடமும் கூடவே உள்ளே ஓடினார்.

வண்டியை எடுக்கலாம் என்று திரும்பி வந்து பட்டனை அழுத்தினேன். ‘சாவி இல்லை’ என்று ஸ்கிரீனில் எழுத்து வந்தது. நான் இறங்கியதும் வண்டி தானாகவே பார்க்கிங் கியருக்கு மாறி, தானாகவே ஹேண்ட்பிரேக்கையும் போட்டுக்கொண்டிருந்தது. மேடத்துக்குப் போன் பண்ணினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. உள்ளே ஓடிப் போய் வாங்கி வரலாம் என்று கதவைத் திறந்தேன்.

அந்த நேரத்தில்தான் பின்னால் ஆம்புலன்ஸ் வந்தது.

வண்டியைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்திக்கொண்டே செக்யூரிட்டி ஓடி வந்தார். “ஏன் ஸ்வாமி, காடி தெகீரி, பேகா!”

“ஸ்டார்ட் ஆக்தில்ல சார். கீ ஒளகடெ ஹோகிதெ” என்றேன். சாவி உள்ளே போய்விட்டது என்று சொல்வதற்கே கூச்சமாக இருந்தது.

வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். அதில் பாஷா என்று ஒருத்தர், மர்பி டவுனில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.

“நியூட்ரல் போடுண்ணா, தள்ளிடலாம்.”

“விழாது பாஷா. கியரு லாக் ஆயிட்சி.”

“இன்னாண்ணா வண்டி இது? தள்ளக்கூட முடியாதா?”

இருந்தாலும் தள்ளிப் பார்த்தார்கள். சக்கரம் அசையவில்லை. அதற்கு முன் எத்தனை வண்டிகளைத் தள்ளியிருப்பேன், எத்தனை முகம் தெரியாதவர்கள் எனக்குத் தள்ளிக் கொடுத்திருப்பார்கள். கேட்கக்கூட வேண்டாம், நாலு கை வந்து பின்னால் பட்டால் வண்டி நகர்ந்துவிடும். அன்றைக்கு அத்தனை கை இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஆம்புலன்ஸிலிருந்து ஒரு இளைஞன் குதித்து வந்து என் சட்டையைப் பிடித்தான். “உள்ள எங்கம்மா கீறாங்க. வழி விடுய்யா.” நான் அந்தக் கையை விலக்கவில்லை.

பாஷாதான் முடிவெடுத்தார். “இவன சட்டையப் புடிச்சு இன்னா பிரயோஜனம்? ஸ்ட்ரெச்சர இறக்கு. தூக்கினே போயிடலாம்.”

என் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுதான் இடம். சக்கரத்தில் உருட்ட முடியாது. ஸ்ட்ரெச்சரை வண்டி டாப் உயரத்துக்கு மேலே தூக்கி, ஒருவர் பின் ஒருவராக, முன்னால் பாஷாவும் இன்னொருவரும், பின்னால் நானும் அந்த இளைஞனும் பிடித்துக்கொண்டோம். மழைத் தண்ணீரில் சரிவு வழுக்கியது. அந்த அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தபடியே வந்தார். ஒரு காலடியில் எனக்குச் சறுக்கியது. வண்டியின் மேல் சாய்ந்து சமாளித்தேன். எப்படியோ உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அப்படியே சாரைத் தேடிப் போனேன். மேடம் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். நான் “சாவி” என்று சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஹேண்ட்பேகை அப்படியே கட்டிலில் கவிழ்த்தார். முகத்தில் மாஸ்க்கோடு இருந்த சார், தன் காலடியில் விழுந்த சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். கையில் பலம் இல்லை, இருந்தும் அவரேதான் நீட்டினார்.

மறுநாள் காரிடாரில் அந்த இளைஞனைப் பார்த்தேன். ஜீவனஹள்ளிக்காரன். அம்மா பிழைத்துக்கொண்டார் என்றான். “நேத்து தப்பா நெனைக்காதீங்கண்ணா” என்றான். அவன் தோளைத் தட்டிவிட்டு வந்தேன்.

இப்போது வேலைக்கு வருகிற டிரைவர்களுக்கு இந்த ஒன்றைச் சொல்வேன்: இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, சாவி உன் சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் கிளம்பாதே.

4. எல்லாவற்றையும் அணைத்தோம்

சார் வீடு திரும்பிய பிறகு, மேடம் ஒரு மத்தியானம் என்னை வண்டிக்குக் கூட்டிப்போனார்.

“டேனியல், எதெதெல்லாம் ஆஃப் பண்ண முடியும்னு பாக்கலாம் வாங்க.”

மேடம் கெமிஸ்ட்ரி லெக்சரராக இருந்தவர். மேனுவலை மடியில் வைத்துப் படித்தார். நான் ஸ்கிரீனில் தேடி அணைத்தேன். கோடு பார்ப்பது, இன்ஜின் தானே நிற்பது, பீப் சத்தம், எல்லாம் போனது. தானே பிரேக் போடுவதைத் தொட்டபோது சார் ஜன்னலிலிருந்து, “அது ஒண்ணு இருக்கட்டும்ப்பா, பாவம்” என்றார். யாருக்குப் பாவம் என்று கேட்டோம். சிரித்தார். அது ஒன்றை மட்டும் விட்டோம்.

அதன் பிறகு சில மாதங்கள் நல்ல மாதங்கள். வண்டி அமைதியானது. சார் மறுபடியும் முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பற்றிப் பேசினார். ஏரிக்கரையில் கண்ணாடியை இறக்கினோம். அந்த வருஷ முடிவில், தூக்கத்திலேயே போய்விட்டார். கல்பள்ளி மயானத்துக்கு நானும் பாஷாவும் கூடப் போனோம்.

5. மேடம் சீட் மாறினார்

காரியம் எல்லாம் முடிந்ததும் மகன் வண்டியை விற்றுவிடலாம் என்றார். மேடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“டேனியல், நான் ஓட்டிப் பாக்கட்டுமா?”

மேடம் கல்யாணமான புதிதில் வண்டி ஓட்டுவார் என்று சார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இடது முழங்கால் கெட்டுப்போய், கிளட்ச் மிதிக்க முடியாமல் விட்டவர்.

“இதுல கிளட்ச் இல்லைல்ல?” என்றார்.

“இல்ல மேடம்.”

அன்றைக்கு நாங்கள் அணைத்ததையெல்லாம் நானே ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். சென்சார் கத்தியது. மேடத்துக்கு அது தைரியமாக இருந்தது. பின்னால் சுவர் எவ்வளவு தூரம் என்று அது சொல்கிறதே என்றார். காக்ஸ் டவுன் காலி ரோடுகளில் பல ஞாயிற்றுக்கிழமைகள் சுற்றினோம். ஒருநாள் சந்துக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. மேடத்தின் கால் பிரேக்குக்குப் போகுமுன் வண்டி நின்றுவிட்டது. சைக்கிள்காரர் எங்களைப் பார்க்காமலே போய்விட்டார்.

மேடம் “ஸ்வல்ப பயந்துட்டேன்” என்றார். பிறகு, “போலாமா?” என்றார். போனோம்.

அடுத்த வருஷம் எனக்குச் சர்க்கரை கண்ணைத் தொட்டது. எதிரே வருகிற லைட்டெல்லாம் கலங்கித் தெரிந்தது. நானாகவே சொல்லி விலகிக்கொண்டேன். மர்பி டவுன் வீட்டில் சும்மா இருந்தேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் ஒன்று வந்தது. பாஷா ஆட்டோவை எதிர்பார்த்து வாசலில் நின்றேன். எங்கள் சந்துக்குள் அந்தப் பெரிய வண்டி மெதுவாக, நாலாபுறமும் கத்திக்கொண்டே நுழைந்தது. மேடம் மட்டும்தான் இருந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது.

நான் பின் கதவைத் திறக்கப் போனேன்.

“முன்னாடி வாங்க டேனியல்” என்றார்.

வண்டிகள் மேல் எனக்கு இருந்த கோபத்தைப் பற்றி இப்போது யோசிக்கிறேன். வண்டி என் வேலையைப் பிடுங்குகிறது என்றே ஓட்டிய காலமெல்லாம் நினைத்தேன். அந்த வசதி யாருக்கு உதவும் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. என் காலுக்கு வேண்டாதது இன்னொருவர் முழங்காலுக்கு வேண்டியதாக இருந்தது. டிரைவர் வேலை என்பது ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். அதில் எவ்வளவு நம் கை, எவ்வளவு மெஷின் என்று ஏறி உட்கார்ந்தவர் கேட்பதில்லை. அதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பக்கத்து சீட் வேண்டியிருந்தது.

மெயின் ரோட்டில் பஸ் ஒன்று எங்களை ஒட்டி வந்தது. மேடம் நிதானமாகத்தான் இருந்தார். என் வலது கால் மட்டும் கீழே கால்மிதியை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. மேடம் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கால எடுங்க டேனியல். அங்க ஒண்ணும் இல்ல” என்றார்.