பத்திரிகையில் மட்டும் இருந்த நர்ஸ்

பித்தப்பையில் கல் என்று நாலு மாதத்துக்கு முன் பீளமேட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். ஆபரேஷன் முடிந்த மறுநாளே சொந்தபந்தம் மொத்தமும் ஆப்பிள் பையோடு வந்து இறங்கிவிட்டது. வராவிட்டால் நம் ஊரில் ஜென்மத்துக்கும் சொல்லிக்காட்டுவார்களே!

அந்த வார்டு முழுவதற்கும் ஒரே நர்ஸ். உட்கார நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். நம் ஆட்களோ மரியாதைக்காரர்கள் — வந்தவர் ஒவ்வொருவரும் அவரைத் தனித்தனியாக நிறுத்தி, "ஏனுங்க சிஸ்டர், எப்படி இருக்காங்க?" என்று விசாரித்தார்கள்.

என் தம்பி அவரை வாசலில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. பக்கத்து பெட் அம்மாவுக்கு டிரிப்ஸில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று உடம்பெல்லாம் தடிப்பு. உதடு வீங்குகிறது, மூச்சு திணறுகிறது... நான் விக்கித்துப்போய்ப் பார்க்கிறேன்.

"சிஸ்டர், ஓடி வாங்க!"

கத்தியது என் அக்காவின் மருமகள். கத்திக்கொண்டே டிரிப்ஸை மூடிவிட்டாள். டாக்டர் ஓடி வந்தார், ஊசி போட்டார், அந்த அம்மா பிழைத்தார்.

"நீங்க எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று அவளிடம் கேட்டார் நர்ஸ். அக்கா முந்திக்கொண்டாள்: "எங்க ஊட்டு மருமகளுக்கு வேலைக்குப் போகோணும்னு என்னங்க தலையெழுத்து?"

மருமகள் பி.எஸ்சி. நர்சிங். கல்யாணப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டோம். அதோடு சரி, அந்தப் படிப்புக்கு வேறு வேலை கொடுக்கவில்லை. அந்தப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்தவள் நான்தான். வெட்கமாக இருந்தது.

நர்ஸ் கிடைக்கவில்லை என்று புலம்புகிறோமே, அவர்கள் எங்கே போனார்கள்? நிறையப் பேர் நம் வீட்டு அடுப்படியில்தான் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களும் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் என்றால், பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்புகிறவள் எப்படி வருவாள்? ஒன்பதிலிருந்து மூன்று வரை கொடுத்துப் பாருங்கள், வருவார்கள்.

டிஸ்சார்ஜ் ஆன அன்றே மருமகளுக்காக நர்சிங் சூப்பிரண்டிடம் கேட்டுவிட்டேன். "ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிச்சுட்டு வரட்டுங்க. கொஞ்ச நாள் பயிற்சி குடுத்து, ஸ்கூல் நேரத்துக்கே ஷிஃப்ட் போட்டுத் தாரேன்" என்றார். மருமகள் அன்றைக்கே சர்டிபிகேட்டைத் தேடி எடுத்துவிட்டாள். அக்காதான் முறுக்கிக்கொண்டாள், ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை. பிறகு அந்தப் பக்கத்து பெட் அம்மா வீடு தேடி வந்து, மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அக்கா இறங்கி வந்தாள்; மருமகள் வேலைக்குச் சேர்ந்தாள்.

இந்த வாரம் அக்காவுக்கே பி.பி. எகிறி, அதே வார்டில் அட்மிஷன். பார்க்கப் போனேன் — நர்ஸை நிறுத்தாமல்! அக்கா உர்ரென்று இருந்தாள்.

"என்ற மருமகளைத்தான் கூப்புட்டேன். 'மூணாம் பெட்டைப் பாத்துப்போட்டு வாரேனுங்கத்தை'ன்னு போயிட்டா!"

கேட்டால் புகார் மாதிரிதான் இருந்தது. ஆனால் என்னிடம் சொல்வதற்கு முன்பே வார்டு முழுக்க அதைச் சொல்லி முடித்திருந்தாள்.